வர்றேன்

அவளுக்குக் கல்லூரியில் பஞ்சு என்று பெயர். வாயைத் திறந்தால் சத்தம் வராது, காற்றுதான் வரும் என்று அறைத்தோழி வைத்த பெயர். வைத்தவளுக்குப் பெயர் மைக். அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் நாடகக் குழு மொத்தமும் ஒரே மேஜையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. பஞ்சு வழக்கம்போல ஓரத்தில். மேடையின் நீலத்திரை கிழிந்துவிட்டதாம், நாளை மத்தியானம் புல்வெளியில் விரித்துப் போட்டுச் சேர்ந்து தைக்கலாமாம், யார் யார் வருகிறீர்கள் என்று பெயிண்டர் கேட்டான். நாடகக் காட்சிகளுக்குப் படம் வரைகிறவன். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். வாரக்கடைசி என்றாலே அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற பஞ்சுவுக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ! வகுப்புக்கு மணியடிக்க, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தவள், "வர்றேன்" என்று சொல்லிவிட்டாள்.

"சரிடி, போய்ட்டு வா" என்றாள் மைக். மேஜையே கையசைத்து வழியனுப்பியது.

பாழாய்ப்போன வார்த்தை. சம்மதத்துக்கும் அதுதான், விடைபெறவும் அதுதான். நாளைக்கு வருகிறேன் என்றுதான் சொன்னேன் என்று திரும்பிச் சொல்ல என்ன பெரிய நேரம் ஆகிவிடும்? சொல்லாமலே வகுப்புக்கு நடந்தாள். ராத்திரி முழுக்க, மைக் தானாகக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தாள்.

சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு விடுதி மெல்ல மெல்லக் காலியானது. மைக் தலைவாரி, ஊசிநூல் டப்பாவை எடுத்துக்கொண்டு, நன்றாகத் தூங்கு என்று அன்பாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நல்ல உடையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் கிடந்த பஞ்சுவுக்கு அழுகை முட்டியது.

கொடியில் காய்ந்த துணிகளின் நிழல் சுவரில் நடந்துகொண்டிருந்தது. எங்கோ குழாய் சொட்டியது. கண் செருகியது. புல்வெளியில் யாரோ சிரிப்பது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோலக் கேட்டது. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்தாளா, தூக்கத்தில் நடந்தாளா, செருப்பை எப்போது மாட்டினாள் என்பதெல்லாம் பிறகு அவளுக்கே நினைவில்லை.

புல்வெளி முழுக்க நீலம். காற்று அடியில் புகுந்து துணியை அலை அலையாகத் தூக்கியது. எல்லோரும் குளக்கரையில் உட்கார்ந்ததுபோலச் சுற்றி உட்கார்ந்து, மடியில் ஆளுக்கொரு கிழிசலை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று கால் பின்வாங்கியது.

பெயிண்டர் தன் பக்கத்துப் புல்லைக் கையால் தட்டிக் காட்டினான். அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நூல் கோத்த ஊசி ஒன்று துணியில் குத்தி நின்றது.

"வர்றேன்னு சொன்னியே, இன்னும் காணோமேன்னு பார்த்தேன்."

"இவ எப்ப சொன்னா?" என்றாள் மைக்.

"நேத்து. நான் கேட்டேன், சொன்னா."

பஞ்சு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஊசியை எடுத்தாள். சந்தோஷமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு தைத்தாள். கண் கலங்கியதில் தையல் கோணல்மாணலாகப் போனது. யாரோ கதை சொன்னார்கள், யாரோ முணுமுணுப்பாகப் பாடினார்கள், மேகம் ஒன்று திரையின்மேல் மெதுவாக நகர்ந்து போனது. பொழுது போனதே தெரியவில்லை.

வெயில் சாய்ந்ததும் திரையை மடித்தார்கள். பெயிண்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்து, "வர்றேன்" என்றான்.

"எப்ப?" என்று கேட்டாள் பஞ்சு.

மைக்கே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் வந்திருந்தது. பெயிண்டர் பையைக் கீழே வைத்தான்.