ட்ரேசி விட்ட வீடு

ஓரகத்தி ட்ரேசி அந்த மஞ்சள் வீட்டுக்கு விலை பேசிவிட்டாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து காலீனுக்கு வயிறு எரிந்தது. ஏக்ரன் நகரத்தில் வேறு வீடே இல்லையா? அந்தச் சமையலறை ஜன்னலை முதலில் பார்த்து ஆசைப்பட்டவள் இவள். கணவன் கேரி யோசித்து யோசித்தே நாளைக் கடத்த, கொழுந்தன் பெண்டாட்டி தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நாளில் வீடு மறுபடி விற்பனைக்கு வந்தது. ட்ரேசிக்குக் கடன் தராமல் பேங்க் கையை விரித்திருக்கும் என்று காலீன் துள்ளினாள். ட்ரேசியிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் திரும்பப் போட்டிக்கு வந்துவிட்டால்?

"வீட்டைச் சோதிச்சுச் சொல்ற இன்ஸ்பெக்டரை வச்சுப் பாத்துட்டு வாங்குங்க" என்றார் தரகர். "ஆனா வேற ரெண்டு பேரும் கேக்குறாங்க."

"இன்ஸ்பெக்‌ஷனே வேணாம்னா எங்களுக்குத் தருவாங்களா?"

"உடனே தருவாங்க."

கேரி பதறினான். "பழைய கார் வாங்கவே மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போறோம், காலீன்!"

"ட்ரேசி ஆசைப்பட்ட வீடுங்க. தக்காளியையே பத்து தடவ திருப்பிப் பாக்குறவ. அவ கண்ணுக்குத் தப்புன குறையா நமக்கு வரப்போகுது?"

பொறாமைக்காரிக்கு உலகத்தில் ட்ரேசி ஒருத்தியின் மேல்தான் அத்தனை நம்பிக்கை.

புது வீட்டு விருந்துக்கு ட்ரேசி தானே சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தோடு வந்தாள். வந்தவள் நேரே நிலவறைக் கதவைப் பார்த்தாள்.

"அந்தச் சுவரைச் சரி பண்ணிக் குடுத்துட்டாங்களாக்கா?"

"எந்தச் சுவரு?"

"கீழ, புதுப் பலகைக்குப் பின்னாடி. மண்ணு தள்ளித் தள்ளி சுவரு உள்ளாற வளைஞ்சு நிக்குது, திரும்பிப் பாக்காம ஓடிடுங்கன்னாரு எங்க இன்ஸ்பெக்டரு. அதான் விட்டோம். நீங்க கேக்குறீங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே."

காலீன் நிமிர்ந்து பார்த்தாள். சொந்தக்காரர் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள்.

"எங்க ஆளும் பாத்தாரு. ஒண்ணுமே இல்லைன்னுட்டாரு."

"எந்த ஆளு?" என்று கேரி வாயைத் திறந்தான். காலீன் அவன் காலை நறுக்கென்று மிதித்தாள்.

ட்ரேசியின் முகம் வாடிவிட்டது. ஜன்னலோரம் போய் அதன் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப நான்தான் ஏமாந்துட்டேன். இந்தச் சமையலறைய நெனச்சு அழுதேன்க்கா. குடுத்து வச்சவங்க நீங்க."

இத்தனை வருடமாக இவள் வாயிலிருந்து இந்த ஒரு வார்த்தை வராதா என்றுதான் காலீன் ஏங்கியிருந்தாள். சிரித்தபடியே அவளுக்குப் பலகாரத்தைப் பெரிய துண்டாக வெட்டி வைத்துவிட்டு, நகர்ந்து போய் நிலவறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். வந்தவர்கள் கிளம்பும்வரை அங்கிருந்து அசையவில்லை.