தண்ணீரைத் தள்ளாத ஃபில்டர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மீன் கடையில் கிடைத்தது. ஓசூரில், பாகலூர் சாலையில், வண்ணமீன் விற்கும் சின்னக் கடை. கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "தண்ணி சுத்தமாகணும். ஆனா மீனத் தள்ளக் கூடாது. அப்படி ஒரு ஃபில்டர் இருக்கா?" கேட்கும்போது அவர் குரல் ஒரு மாதிரி உடைந்தது.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதி நானாக எழுதியது. (மீதியெல்லாம் பொய் என்றுதான் முதலில் எழுதினேன். இந்தக் கதையில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது.)

2

தொடக்கம் சரியாக வரவில்லை.

"ஓசூரில் மார்கழிப் பனி இறங்கும்போது ஆலைப் புகையும்..." வேண்டாம். எழுதப் பயமாக இருந்தால் வானிலையில் ஒளிந்துகொள்வது என் பழக்கம்.

"பரமசிவம் நல்லவர்." இதுவும் வேண்டாம். அதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

"நவீன்குமார் இறந்த பதினோராம் நாள் அவனுடைய அறையைக் காலி செய்ய வேப்பனப்பள்ளியிலிருந்து அம்மா நஞ்சம்மா வந்தார்." இது இருக்கட்டும்.

3

ஒரே காம்பவுண்டில் வரிசையாக எட்டு வீடுகள். கோடி அறையில் நவீன்குமார் இருந்தான். வயது இருபத்து மூன்று. இரண்டு வீடு தள்ளிப் பரமசிவமும் மனைவி சரஸ்வதியும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடமாகிறது. இரண்டு ஆண்களுக்கும் ஒரே கம்பெனி. அவன் முலாம் பூசும் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. இவர் பராமரிப்பு ஃபிட்டர்.

அறையில் இருந்தவை ஒரு பையில் அடங்கிவிட்டன. கண்ணாடி ஜாடியில் இருந்த நீல ஃபைட்டர் மீன் மட்டும் மிச்சம்.

"பஸ்ஸுல எப்புடி எடுத்துட்டுப் போறது சார், தண்ணியெல்லாம் சிந்திப்போவுமே," என்றார் நஞ்சம்மா பரமசிவத்திடம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழை யோசித்து யோசித்துப் பேசினார். "நீங்க வெச்சுக்கறீங்களா? கம்பெனில ஃபில்டரு வேலையெல்லாம் பரமசிவம் சாருதான் பாப்பாருன்னு போன்ல சொல்லுவான்."

பரமசிவம் முகத்தை நிமிர்த்தாமல் ஜாடியை வாங்கிக்கொண்டார். "நான் பாத்துக்கிடுதேன்மா" என்று சொன்னதாக அவருக்கே பிறகுதான் நினைவு வந்தது.

4

ஏன் அவர் முகத்தை நிமிர்த்தவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்துவைத்துத் திடுக்கிட வைக்கும் அளவுக்கு இது சாமர்த்தியமான கதை இல்லை.

அமிலத் தொட்டிகளின் புகையை உறிஞ்சி வெளியேற்றும் இயந்திரத்தில் ஃபில்டர் அடைத்திருந்தது. பரமசிவம்தான் கண்டுபிடித்தார். மேற்பார்வையாளர் கோவிந்தப்பனிடம் போய்ச் சொன்னார்.

"ஸ்டாக் வரலீங்க. நாளைக்கு ஆடிட். மாத்தியாச்சுன்னு கையெழுத்துப் போட்ருங்க. வந்தவொடனே மாத்திக்கலாம்."

பரமசிவம் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். ஃபில்டர் வரவில்லை. மூன்றாவது வாரம், தொட்டியோரம் கழுவிக்கொண்டிருந்த நவீன்குமார் இருமிக்கொண்டே படியில் சரிந்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான்.

5

இப்போது மீன்.

ஃபைட்டர் மீனுக்கு ஜாடி போதாது என்று பரமசிவம் செல்போனில் படித்தார். இருபது லிட்டர் கண்ணாடித் தொட்டி வாங்கினார். கிடைத்த ஃபில்டரைப் பொருத்தி ஸ்விட்சைப் போட்டார். தண்ணீர் சுழன்றது. பெரிய துடுப்புகளைத் தூக்கிக்கொண்டு மீன் எதிர்த்து எதிர்த்து நீந்தி, மூலையில் ஒதுங்கியது. காலையில் போட்டது, மாலையில் வால் கிழிந்திருந்தது.

அதன் பிறகுதான் அவர் கடைக்கு வந்தார். நான் பார்த்தேன்.

கடைக்காரர் கொடுத்தது ஸ்பாஞ்சு ஃபில்டர்: ஒரு குழாய், அடியில் ஸ்பாஞ்சு. காற்று மோட்டாரிலிருந்து வரும் குமிழிகள் மேலே ஏறும்போது தண்ணீர் ஸ்பாஞ்சு வழியாக மெதுவாக இழுபடும். காற்று வரும் வழியில் ஒரு சின்னத் திருகு. பரமசிவம் அதைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருகி, முழங்காலில் உட்கார்ந்து ஒரு மணிநேரம் பார்த்தார். மின்சாரம் போனால் தண்ணீர் குழாய் வழியே மோட்டாருக்குள் இறங்கும் என்பதால் மோட்டாரைத் தொட்டிக்கு மேலே ஆணியில் மாட்டினார். ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். அது ஏறிவரும் பக்கத்தில் தண்ணீர் அசையக்கூடாது. அங்கே வாதாம் இலை ஒன்றை மிதக்கவிட்டார். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசவே மாட்டார்.*

"மீனுக்கு இம்புட்டுப் பாக்குதீக," என்றாள் சரஸ்வதி, அரிசி களைந்துகொண்டே. "கம்பெனிலயும் இப்படித்தான் பாப்பீகளோ?"

அவளுக்கு எதுவும் தெரியாது. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பரமசிவம் எழுந்து வெளியே போய், குழாயடியில் வெறுமனே கை கழுவினார்.

* அழுக்கைத் தின்னும் கிருமிகள் அந்த ஸ்பாஞ்சில் ஊறிவர மூன்று நான்கு வாரமாகும். குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டால் செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில்தான் அலச வேண்டும். இதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அடுத்த பகுதியைத் தள்ளிப்போட இது உதவியது.

6

விசாரணைக்கு அதிகாரி வந்தார். கண்ணாடி அறை, டீ, பிஸ்கட். பக்கத்து நாற்காலியில் கோவிந்தப்பன்.

"ஃபில்டர் மாத்துனது நீங்கதானா?"

"ஆமா சார்."

"மாத்துனீங்களா?"

"மாத்துனேன் சார்."

நான் இந்த இடத்தில் பரமசிவத்துக்கு உதவப் பார்த்தேன். ஒரு வரைவில் அவருக்கு இருதய நோயுள்ள ஒரு மகள் இருந்தாள். இன்னொன்றில் கோவிந்தப்பன் அவரை மிரட்டினார். இரண்டையும் எடுத்துவிட்டேன். யாரும் மிரட்டவில்லை. கேட்ட கேள்விக்கு எது சுலபமோ அது வாயில் வந்தது. அதைச் சொல்லிவிட்டு டீயையும் குடித்தார்.

முகக்கவசம் அணியாமல் அஜாக்கிரதையாக வேலை செய்ததே காரணம் என்று அறிக்கை வந்தது. நவீன்குமார் முகக்கவசம் போட்டிருந்தான். அவனைத் தூக்கியபோது அதைக் கழற்றியதே பரமசிவம்தான்.

7

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம், நஞ்சம்மா வந்தார். கையில் ஒரு பை அவரைக்காய்.

"சும்மாதான் சார். அவன் மீனு எப்புடி இருக்குன்னு பாக்கலாம்னு."

தொட்டிமுன் தரையில் உட்கார்ந்தார். மீனின் வால் புதிதாக வளர்ந்திருந்தது. குமிழிகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் ஏறின. மீன் இலைக்கடியில் அசையாமல் நின்றது.

"தேவுடா, எவ்ளோ பெருசாயிடுச்சு!" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு திரும்பாமலே பேசினார். "அவன் மாஸ்க்கு போடலன்னு எழுதிட்டாங்களாமே. ஊர்ல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க சார். பையனுக்கு அலட்சியம்னு. அவங்கப்பாவும் சொல்றாரு, கோவத்துல. போட்டோவக் கூட கழட்டி வெச்சுட்டாரு. நீங்க கூடவே வேல செஞ்சவரு. சொல்லுங்க சார். எம்பையன் அலட்சியமானவனா?"

சரஸ்வதி அடுப்படி வாசலில் நின்றாள்.

8

இரண்டு முடிவுகள் எழுதினேன். (மீன் சாகும் முடிவு ஒன்றும் உண்டு. அது நம்மை அழவைத்து அனுப்பிவிடும் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.)

முதலாவதில் பரமசிவம் எல்லாவற்றையும் சொல்லி, அந்த அம்மாளின் காலடியில் அழுகிறார். அழுது முடித்ததும் அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவதில் "தங்கமான பையன்மா" என்கிறார். உண்மைதான். நஞ்சம்மா கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்புகிறார், தெருமுனை வரை... இதை என்னால் முடிக்க முடியவில்லை.

ஆகவே நஞ்சம்மா இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பரமசிவம் வாயைத் திறந்துவிட்டார்.

"அம்மா, அந்த ஃபில்டர்..."

இதுவரைதான் நான் எழுதியது. மீன்தொட்டியைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்து, நஞ்சம்மா முகம் மலர்ந்து அவர் பக்கம் திரும்புகிறார். மிச்ச வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள்.