ஆஃப் பண்ணியாச்சு மாமா

தண்ணீருக்கடியில் வெல்டிங் செய்கிறவனுக்குக் கண் பாதி வேலைதான் செய்யும். கலங்கிய தண்ணீரில் என் கையே எனக்குத் தெரியாது. மீதியைக் காதுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். தலைக்கவசத்துக்குள் ஒயர் வழியாக ஒரே ஒரு குரல் வரும். எனக்கு வந்த குரல் என் மச்சினனுடையது, மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. கையிலிருக்கும் வெல்டிங் கம்பி எரிந்து தீர்ந்ததும் நான் "ஆஃப்" என்பேன். மேலே மிதவையில் நிற்பவன் சுவிட்சின் கைப்பிடியை இழுத்துக் கரண்டை நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகுதான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைக் கேட்டபின் நான் பழைய கம்பியைக் கழற்றிப் புதிதைச் செருகுவேன். முதலில் கை, பிறகு வாய். அந்த வரிசையை நம்பித்தான் ஒருவன் கீழே இறங்குகிறான்.

முன்பு மேலே நின்றவர் வேறு கம்பெனிக்குப் போனபோது மனைவிதான் தம்பியைச் சொன்னாள். "மேல நிக்கிறவன் கையிலதான் உங்க உசுரு இருக்கு. அது நம்ம வீட்டுக் கையா இருக்கட்டுங்க." எனக்கும் அது சரியாகப் பட்டது. பயல் வாயைத் திறந்தால் தேன். "ஆஃப் பண்ணியாச்சு மாமா" என்று ராகம் போட்டுச் சொல்வான். நான் கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிடும். என்ன வேகம் பாருங்கள் என்று நாலு பேரிடம் பெருமையடித்துக்கொண்டேன். நல்ல முட்டாள் நான்.

கொஞ்ச நாளாகவே வாயில் இரும்பை நக்கியது போல ஒரு ருசி. வெல்டிங் டைவருக்கு அது புதிதல்ல. பல்லில் அடைத்திருக்கும் உலோகத்தைக் கரண்ட் மெல்ல மெல்ல அரிக்கும். ஆனால் எனக்குக் கம்பி மாற்றும்போதுகூட அந்த ருசி விடவில்லை. பல் டாக்டரிடம் மச்சினன்தான் வண்டியில் கூட்டிப்போனான். பக்கத்திலேயே உட்கார்ந்து, "ரொம்ப வலிக்குதா மாமா?" என்று என் தாடையைத் தொட்டுப் பார்த்தான். டாக்டர் இரண்டு பல்லைச் சரிசெய்து அனுப்பினார்.

அன்று துறைமுகத் தூண் ஒன்றில், துரு தின்ற இடத்தில் தகடு வைத்துக்கொண்டிருந்தேன். கையுறை விரலிடுக்கில் கிழிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. கம்பி தீர்ந்தது.

"ஆஃப்."

"ஆஃப் பண்ணியாச்சு மாமா."

கம்பியைத் தொட்டதும் கிழிசல் வழியாக விரலைச் சுட்டு, முழங்கை வரை சுண்டி இழுத்தது. பல்லெல்லாம் கூசியது. கையை உதறிக்கொண்டு அப்படியே தூணில் சாய்ந்தேன். மிஷினில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அவனைச் சந்தேகப்பட மனம் வரவில்லை.

"டேய், சுவிட்ச பாத்து சொல்லுடா. ஆஃப்ல இருக்கா?"

"கைப்பிடிய புடிச்சிக்கிட்டுதான் மாமா நிக்கிறேன். ஆஃப்லதான் இருக்கு."

தீர்ந்த கம்பியின் நுனியைத் தகட்டில் மெல்ல உரசினேன். பச்சையாய்ப் பொறி பறந்தது. அந்த வெளிச்சத்தில் என் கையுறையின் கிழிசல் நன்றாகவே தெரிந்தது. இன்னொரு தரம் உரசினேன். மறுபடியும் வெளிச்சம்.

"என்ன மாமா, ஒண்ணும் பேச மாட்டேங்கிறீங்க?" என்றது காதுக்குள் தேன்.

எப்போதும் ஏறுவதற்கு முன் அவனிடம் சொல்வேன். அன்று சொல்லவில்லை. மேலே என் காற்றுக்குழாயைப் பிடித்திருந்த இன்னொரு ஆளுக்கு மட்டும் கயிற்றை இழுத்துச் சைகை காட்டிவிட்டு ஏணியில் ஏறினேன். மிதவையின் ஒரு மூலையில் தார்ப்பாய் கட்டியிருந்தான். அந்த நிழலில் நாற்காலி, நாற்காலியில் அவன், மடியில் பேசும் கருவி. எதிர்மூலையில், கொளுத்தும் வெயிலில், சுவிட்சு ஆன் நிலையிலேயே இருந்தது.

என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து கை நீட்டினான். நான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"வெயில்ல நிக்க முடியல மாமா. ஒவ்வொரு கம்பிக்கும் அங்க போய்ப் போய் வரணும்..." என்று இழுத்தவன், சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு அதையும் சொன்னான்: "இத்தன நாளா ஒண்ணும் ஆகலையே மாமா!"

இத்தனை நாளா. பல் டாக்டர் அறையில் என் தாடையைத் தொட்டுப் பார்த்தபோதும் அவனுக்குத் தெரியும். என்மேல் பகை இருந்து செய்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், ஒரு ஆளாக மதித்தான் என்று. என் உயிரைக் கொடுத்து இவன் வாங்கியது கொஞ்சம் நிழல். அன்றே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "அவன வேலைய விட்டே நிறுத்திட்டீங்களா?"

கட்டுப் போட்ட என் விரல் அவள் கண்ணெதிரில்தான் இருந்தது.

"சின்ன வயசுலேர்ந்தே அவனுக்கு வெயில் ஒத்துக்காதுங்க" என்றாள். பிறகு அவளுக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். என் கையைப் பிடிக்க வந்தாள். நான் துண்டை எடுப்பது போல நகர்ந்துகொண்டேன். அவள் மூக்கை உறிஞ்சியபடி சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் சத்தம் போட்டன.

"அடுப்ப ஆஃப் பண்ணியாச்சு. சாப்பிட வாங்க."

எழுந்து நேரே அடுப்பிடம் போனேன். குமிழைத் திருகிப் பார்த்தேன். சரியாகத்தான் மூடியிருந்தது. குனிந்து பர்னருக்கு மேலே உள்ளங்கையை நீட்டியும் பார்த்தேன். திரும்பினால் அவள் தட்டோடு நின்றிருந்தாள்.

"நான் சொன்னாக்கூடவா?" என்றாள்.

சிலிண்டரையும் மூடிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.