எதிர்மலை வெளிச்சம்

வெளிச்சத்துக்கு இங்கிலீஷில் எத்தனை சொல் இருக்கிறது என்று என்னைக் கேளுங்கள், மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். பித்தளை பளபளத்தால் கிளீம். பனித்துளி மின்னினால் ஸ்பார்க்கிள். விட்டுவிட்டு மினுங்கினால் ட்விங்கிள். தணலாக நின்று ஒளிர்ந்தால் கிளோ. கண்ணைக் குத்தினால் கிளேர். அதை மட்டும் விருந்தாளிகளிடம் சொல்லக் கூடாது, குறை சொன்னது மாதிரி ஆகிவிடுமாம். எல்லாம் மேனேஜர் பிரதாப் என் மண்டையில் ஏற்றிய சங்கதி.

"எதக் கண்டாலும் லைட்டு லைட்டுன்னு சொல்லிக்கிட்டு நிக்காத வினோதா. அவங்க இம்புட்டுத் தூரம் வர்றதே இந்த அழகை யாராச்சும் எடுத்துச் சொல்லிக் கேக்கத்தான்" என்பார்.

கந்தப்பளைக்கு மேலே, ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்துத் துரை குடியிருந்த பங்களாவை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். இருட்டத் தொடங்கியதும் விருந்தாளிகளைப் புல்தரையில் நிறுத்தி, எதிர்மலையைக் காட்டிப் பேசுவது என் வேலை. எதிர்மலையில் இருப்பது எங்கள் லயம். குடும்பத்துக்கு ஓர் அறையாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் காம்பராக்கள், ஒரே வயரிலிருந்து வீட்டுக்கு வீடு இழுத்த கரண்ட். மழை பெய்தால் சுவரில் கை வைக்க முடியாது, சுரீர் என்று அடிக்கும். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அது ட்விங்கிள். பார்க்கிறவர்கள் அங்கே குடியிருந்தால் அல்லவா தெரியும்!

எனக்கு இந்த வேலை கிடைத்த பிறகுதான் என் அம்மா அம்மாக்கண்ணு விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் நிற்பதை விட்டாள். கொழுந்து சுமந்து சுமந்து அவள் இடுப்பு விட்டுப்போயிருந்தது. என் வேலை போனால் அவள் மறுபடியும் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறுவாள். அதனால் பிரதாப் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். கார்த்திகைத் தீபத்துக்கு லீவு கேட்டு அவர் மறுத்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

"வெளக்கு ஏத்தத்தானே போற? ஒங்கம்மா ஏத்துவாங்க. நீ அத இங்கேருந்து கெஸ்டுக்குக் காட்டு" என்றார்.

அன்று பனிமூட்டம் எதிர்மலையை முழுசாக மூடிவிட்டது. லயமும் தெரியவில்லை, கோயிலும் தெரியவில்லை. விருந்தாளிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். அப்போது பனிக்குள்ளே செக்கச்செவேல் என்று ஒரு வெளிச்சம் எழும்பியது. அப்பாடா என்றிருந்தது. கார்த்திகை அன்று பொழுது சாய்ந்ததும் எங்கள் மாரியம்மன் கோயில் முன்னால் சொக்கப்பனை கொளுத்துவார்கள். மரம் ஒன்றை நட்டு, காய்ந்த புல்லைச் சுற்றிக் கட்டி, உச்சிவரை எரியவிடுவார்கள். அந்த நேரத்தில், அந்தத் திசையில், வேறு என்ன எரியப்போகிறது? தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அப்புறம் விருந்தாளிகளுக்கு எடுத்துச் சொன்னேன். கிளோ என்றேன். தீ ஓங்கியதும் ரேடியன்ட் என்றேன். கை தட்டினார்கள். படம் பிடித்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிரதாப் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

குசினியில் சமைக்கிற செல்லசாமி அண்ணன் தலைதெறிக்க ஓடிவந்தார்.

"ஏ புள்ள வினோதா! ஒங்க லயம் எரியுதாம்! பக்கத்து வீட்டு சுலக்ஷனா ஃபோன்ல கோல் எடுத்துக் கதறுது!"

நான் அலறியதும் பிரதாப் என் கையைப் பிடித்தார். "கெஸ்ட் முன்னால சத்தம் போடாத. மெதுவா, பின் வாசலால போ."

மெதுவாகவாம்! கையை உதறிவிட்டு ஓடினேன்.

எங்களுக்கு மேலே குடியிருக்கும் மேல் டிவிசன்காரர்களும் அதைச் சொக்கப்பனை என்றே நினைத்து, வாசலில் நின்று அரோகரா போட்டிருக்கிறார்கள். ஒரு வாளித் தண்ணீரோடு ஒருத்தர்கூட இறங்கி வரவில்லை. அவர்களை என்ன சொல்ல, நானும்தான் கும்பிட்டேன். வயர் உருகிக் கூரைப் பலகையில் தீ பிடித்து, எங்கள் வரிசை முழுவதும் போய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா உடுத்திய சேலையோடு, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் விழுந்து அழுதேன்.

எங்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். மறுநாள் சுலக்ஷனா தன் ஃபோனைக் கொண்டுவந்து காட்டினாள். ஹோட்டலின் ஃபேஸ்புக்கில் அந்தப் படம். கீழே, நான் சொன்ன சொல்லையே போட்டு இங்கிலீஷில் ஒரு வரி.

"என்னாடி எழுதியிருக்காங்க?" என்றாள் அம்மா.

"கார்த்திகைக்கு மலையே ஜொலிக்குதாம்."

அம்மா ஃபோனை வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"அடப் பாவிகளா! நம்ம காம்பராடி இது. எரிஞ்சிருச்சுன்னு எழுத அவங்க பாஷையில வார்த்தையே இல்லியா?"

இருந்தது. என் ஃபோனை எடுத்து எழுதினேன். இது திருவிழா இல்லை, எங்கள் வீடுகள் எரிந்தன என்று படத்தின் கீழே போட்டேன். கொஞ்ச நேரத்தில் பிரதாப் ஃபோனில் கூப்பிட்டார்.

"அத எடு. வேலைக்கு வர்றதா இருந்தா இப்பவே எடு."

அவர் கத்தியது அம்மாவுக்கும் கேட்டது. போடா நாயே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அவள் உள்ளங்கையில் இன்னும் புகை நாற்றம்.

"எடுத்துரு தாயி" என்றாள்.

எடுத்தேன். அவள் ஃபோனைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போயிருச்சா?"

"போயிருச்சும்மா."

"சரி. காலைல நேரத்தோட கெளம்பு."