வாசலுக்கு வராத சூரியன்

மே மாதத்தில் ஒருநாள், சீஃப் ஒபிதிபோ பங்காளிகள் அத்தனை பேரையும் வரவழைத்து, ஆளுக்கொரு பீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, தன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்கம்பியை வெட்டினார். வெட்டியது எலக்ட்ரீஷியன்தான். வெட்டுகிற கருவியைப் பிடித்தபடி போட்டோவுக்கு நின்றது சீஃப்.

“இனிமே இந்த வீடு வெளிச்சத்துக்கு எவன்கிட்டயும் கையேந்தாது!” என்று அறிவித்தார். மறுநாள் ஜெனரேட்டரையும் விற்றுவிட்டார். வாங்கியவன் கொல்லைப்பக்கத்து வீட்டுப் பங்காளி மடுபுக்கோ.

சீஃபின் அக்கா உகோயே வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அந்தக் குடும்பத்தில் பிறந்த பெண்களுக்கெல்லாம் மூத்தவள். மூத்த மகள் வாய் திறந்தால் சீஃப் பட்டம் வாங்கிய ஆண்களும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும். அவளும் அந்த உரிமையை ஒருநாளும் துருப்பிடிக்க விட்டதில்லை. டிசம்பரில் தம்பி மகள் சொம்தோவின் கள் ஏந்தும் கல்யாணச் சடங்குக்காக, முதல்நாளே முதுகு வளையாமல் வந்து இறங்கினாள்.

கூடத்து விசிறி சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. குளிர்ப்பெட்டிக்குள் கைவிட்டாள். வெளியே இருந்த வெயிலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

“என்ன அமுச்சே இது? சூரிய ராஜ்ஜியம்னு கல்யாணப் பத்திரிகையில அடிச்சிருந்தானே?”

“அதை உங்க தம்பிகிட்டயே கேளுங்க அண்ணி” என்றாள் சீஃபின் மனைவி. “சோலார் பேனல் மாட்ட வந்த ஆளு கொல்லைப்பக்கக் கூரைதான் சரின்னான். ‘விருந்தாளி கொல்லை வழியாவா வர்றான்? என் பேனலை யாரு பாக்கறது, மடுபுக்கோவோட ஆடா?’ன்னு கேட்டு, ரோட்டுப் பக்கமா மாட்டச் சொல்லிட்டாரு. மே மாசம் சூரியன் ரோட்டுப் பக்கம் சாஞ்சிருந்துச்சு. ஜோரா எரிஞ்சுது. இப்ப அது கொல்லைப்பக்கம் போயிடுச்சு.”

உகோயே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். ஊர்த் தேவாலயத்தோடு போட்டி போடுகிற செங்குத்துக் கூரை. அதன் முன்சரிவில் பேனல்கள் ரோட்டைப் பார்த்து வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. வறண்ட காற்று கொண்டுவந்த புழுதி வேறு அப்பியிருந்தது. சூரியனோ கூரைக்குப் பின்னால், மடுபுக்கோவின் ஆட்டுக்கொட்டகைக்கு மேலே, தாராளமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

“பின்னாடி மாத்தேன்டா” என்றாள், பக்கத்தில் வந்து நின்ற தம்பியிடம்.

“நாளைக்குச் சடங்கு. கிறிஸ்மஸ் நேரத்துல எவன் வருவான் அக்கா?” சீஃப் குரலைத் தாழ்த்தினார். “ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்குப் போயிடுச்சு. பாட்டரி ராத்திரி வரைக்கும் தாங்காது.”

“மடுபுக்கோகிட்ட கேளு.”

“என் ஜெனரேட்டரை நானே போய்க் கடன் கேக்கறதா? சம்பந்தி முன்னாடியா? அதுக்கு நான் செத்துப் போகலாம்.”

அந்த ஒரு விஷயத்தில் உகோயே தம்பியோடு ஒத்துப்போனாள். அவன் மூடன்தான். ஆனால் தன் தகப்பன் வீட்டு மூடன். அவனைத் திட்ட அவளுக்கு உரிமை உண்டு. அடுத்தவன் சிரிக்க அனுமதி இல்லை.

மறுநாள் சம்பந்தி வீட்டார் வழக்கம்போலத் தாமதமாக, வெயில் சாய்கிற நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா பட்டுத்துணி சரசரக்க உட்கார்ந்து, மால்ட் பானப் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார்.

“ஜில்லுன்னு இல்லியே?”

“புது உறவு சூடா இருக்கணும் சம்பந்தி” என்றாள் உகோயே. “அதுல யாராவது ஐஸைக் கொட்டுவாங்களா?”

அவர் யோசித்தார். பிறகு மரியாதையோடு குடித்தார்.

“பொண்ணு கையில கள்ளைக் குடுத்து அனுப்புங்க. கூட்டத்துல மாப்பிள்ளையைத் தேடிக் குடுக்கட்டும்” என்றாள் உகோயே உடனே.

“இப்பவேவா?” என்றார் பெரியப்பா. “சாப்பிட்டு, ஆடிப்பாடி, ராத்திரி பாத்துக்கலாமே. கலர் லைட்டு, பாட்டு எல்லாம் கொண்டுவந்திருக்கோம்.”

உகோயே எழுந்து நின்றாள். பந்தலில் தொப்பிகள் இறங்கின.

“எங்க வீட்டுப் பொண்ணு விளக்கு வெளிச்சத்துல புருஷனைத் தேட மாட்டா. பகல்ல தேடுவா, பகல்லயே குடுப்பா. பொழுது சாஞ்சா பந்தல்ல விளக்குக் கிடையாது. விளக்கு வெளிச்சத்துல தேடினா, உங்க பையன்கிட்ட என்னமோ கோளாறு, மறைச்சு வெச்சீங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். இது எங்க வம்சத்து முறை.”

சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை கண்டிப்பான குடும்பத்தில் பெண் எடுக்கிறோமே என்ற பெருமை அவர்கள் முகத்தில் படர்ந்தது.

சொம்தோ கள்ளுக் கிண்ணத்தோடு கூட்டத்துக்குள் நடந்தாள். அவள் மண்டியிட்டு நீட்ட, மாப்பிள்ளை குடிக்க, ஆரவாரம் எழுந்தது. அது அடங்குவதற்குள் உள்ளே விசிறி கடைசி மூச்சு விட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் கொல்லையில் ஜெனரேட்டர் உறுமியது. வேலிக்கு மேலே மடுபுக்கோவின் தலை முளைத்தது.

“சீஃப்! ஒரு வயர் போட்டு விடட்டுமா? பழகின மெஷின்தானே, உங்க வீட்டை அதுக்கு நல்லாத் தெரியும்!”

சீஃப் கழுத்துப் பவழ மாலையை இறுகப் பிடித்துக்கொண்டார். சம்பந்தி திரும்பிப் பார்த்தார்.

“மடுபுக்கோ!” உகோயேயின் குரல் வேலியைத் தாண்டிப் போயிற்று. “பந்தல்ல கள் ஏந்தின அன்னிக்குப் பங்காளி வீடு எதுலயும் விளக்கு எரியாதுன்னு உனக்குத் தெரியாதா? சம்பந்தி முன்னாடி நம்ம முறையைச் சிரிப்பாச் சிரிக்க வைக்கிறியா? அணை!”

“அக்கா... இப்படி ஒரு முறையா...”

“மூத்த மகளைப் பொய்க்காரிங்கறியா?”

சம்பந்திகள் முன்னால் அதை ஆமென்று சொல்லுகிற ஆண் அந்த வம்சத்தில் பிறந்திருக்கவில்லை. ஜெனரேட்டர் நின்றது. நிலா வெளிச்சத்தில் எல்லோரும் ஆட்டுக்கறி தின்றார்கள். எந்தத் துண்டு எலும்பு, எந்தத் துண்டு கறி என்று தெரியாமல் பெரியவர்கள்கூட ஒருமுறை சமத்துவமாகச் சாப்பிட்டார்கள்.

புத்தாண்டு முடிந்த வாரம் மடுபுக்கோ மகளின் கள் ஏந்தல். உகோயேயும் வந்திருந்தாள். பந்தல் முழுக்கச் சரவிளக்கு கட்டி வைத்திருந்தான். வெயில் பனைமர உச்சிக்கு இறங்கியதும் சீஃப் ஒபிதிபோ எழுந்தார்.

“நம்ம முன்னோர் வெச்ச முறையை நாம மீறலாமா, மடுபுக்கோ?” முழு நம்பிக்கையோடு கேட்டார்.

சரவிளக்கு ஒன்றுகூட எரியாமல் சடங்கு முடிந்தது.

திரும்பி நடக்கையில் சீஃப் அக்காவின் பக்கத்தில் வந்தார். “எத்தனை நல்ல முறை அக்கா. எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சே. இது அப்பா சொன்னதா, தாத்தா சொன்னதா?”

உகோயே நிற்கவில்லை.

“அப்பா இருந்திருந்தா பேனலைக் கொல்லைப்பக்கம் வெச்சிருப்பார்டா” என்றாள்.