ஹெர்ஷல் மாமா யாரையும் குறை சொல்லமாட்டார்

கிளாஸ்கோவின் கார்பல்ஸ் பகுதியில் எங்கள் யூத ஜனங்களில் கெட்டவர் என்று ஒருவர்கூட வாழ்ந்ததில்லை. மூன்று நாளாக ஹெர்ஷல் மாமா என் டேப்பில் சொல்லியிருப்பது இவ்வளவுதான். கறிக்கடைக்காரர் தங்கமானவர். ஜெபஆலயத்து ரபி தங்கமானவர். பெண்டாட்டியை விட்டு ஓடிப்போன தொப்பிக்கடைக்காரரும் தங்கமானவர்தானாம், வெளியூருக்குப் போனாராம்.

“எடை போடுறப்போ கட்டைவிரலையும் சேத்துதான் போடுவான் அந்தக் கறிக்கடைக்காரன்!” என்று அடுக்களையிலிருந்து அவர் மனைவி ஃப்ரூமா கத்தினாள்.

“ஃப்ரூமா! டேப்பு ஓடுது!”

அடுத்தவரைக் குறை சொல்வது எங்கள் மதத்தில் பாவம். தெரியும். ஆனால் அந்தப் பாவத்தைத் தினம் மூன்று வேளை செய்யாத ஆளை நான் பார்த்ததில்லை. இவர் மட்டும் முப்பது வருடமாக வாயைத் தைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நூலகத்துக்காகத்தான் பழைய கதைகளைப் பதிவுசெய்கிறேன். ஆனால் இவரிடம் வந்தது ஒன்றே ஒன்றுக்காக. இவர் வீட்டுக்கு எதிரே என் அப்பா லிப்பா ககன் ரொட்டிக்கடை வைத்திருந்தார். 1954 வசந்தத்தில் ஒரே வாரத்தில் எங்கள் யூத ஜனங்கள் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். கோடை முடிவதற்குள் கடையை மூடினோம். ஏன் என்று தெரியாமலே அப்பா செத்துப்போனார்.

“மாமா, என் அப்பா எப்படி?”

“அடுத்த கேள்வி கேளு, ரேனா.”

“ஓடிப்போனவன்கூட தங்கம். என் அப்பாவுக்கு மட்டும் ஒரு நல்ல வார்த்தை கிடையாதா?” என் குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும் என்று விட்டேன்.

அவர் மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“பாஸ்கா பண்டிகையோட கடைசி நாளு. ஜெபஆலயத்துக்குப் போறேன். உங்க புகைபோக்கில புகை. புளிச்ச மாவு கையில இருக்கவே கூடாத நாளு. லிப்பா ரொட்டி சுடுறான்னு ஒருத்தர்கிட்ட சொன்னேன். ஒரே ஒருத்தர்கிட்டதான்மா.”

“அப்பா சுடவே இல்லை.”

“மாடியில இருந்த ஐரிஷ்காரம்மா பழைய மெத்தையக் கிழிச்சு அடுப்புல போட்டிருக்கா. ரெண்டு வீட்டுக்கும் ஒரே புகைபோக்கி. ஒரு மாசம் கழிச்சு அவளே சொன்னா.”

“அவ சொன்னப்போ எங்க கடை திறந்துதானே இருந்தது?”

“திறந்துதான் இருந்தது. நான்தான் யார்கிட்டயும் போய்ச் சொல்லல.”

ஃப்ரூமா அடுக்களை வாசலுக்கு வந்து அவரையே பார்த்தாள். இவளுக்கும் இது புதிதுதான் போலிருக்கிறது.

“அதுக்கப்புறம் நான் யாரையும் ஒரு வார்த்தை தப்பா சொன்னதில்லை, ரேனா. வருஷா வருஷம் பாவமன்னிப்பு நாளுக்கு முந்தின சாயங்காலம் உங்க அப்பா கையப் பிடிச்சு, தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது பண்ணியிருந்தா மன்னிச்சிடுன்னு கேட்டேன். எல்லாரும் எல்லார்கிட்டயும் கேக்கிறதுதானே. நீ என்னப்பா பண்ணினே எனக்கு, மன்னிச்சேன் போன்னு சிரிப்பான். அவன் சாகுற வரைக்கும், பதினோரு வருஷம்.” அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “மன்னிச்சேன்னுதானே சொன்னான்?”

கிழவரென்று எனக்கு இரக்கம் வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது.

“செல்லாது மாமா. எதுக்குன்னு தெரியாம குடுத்த மன்னிப்பு செல்லாது.” ஒலிவாங்கியை அவர் வாயருகே நகர்த்தினேன். “உங்க பேரு, எங்க அப்பா பேரு, வருஷம் எல்லாம் சேத்து மொதல்லருந்து சொல்லுங்க.”