வலைப்பந்துத் திடலில் கடல்

ஜெயந்தினிக்கு விமர்சனம் செய்யத் தெரியாது. ஆட்டம் பார்த்தால் வாயைப் பிளப்பாள். பாட்டுக் கேட்டால் கண் கலங்குவாள். முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு "ஐயோ!" என்பாள். அவளுடைய கலைக் கொள்கை மொத்தமும் அவ்வளவுதான்.

அட்டன் பக்கத்துக் கல்வியியற் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒரு நிகழ்ச்சியையும் தவறவிட்டதில்லை. சிங்களப் பிரிவு மாணவர்கள் கண்டி நடனம் ஆடினார்கள், ஐயோ. கத்தோலிக்க மாணவர்கள் நத்தார்ப் பாட்டை நான்கு குரலாகப் பிரித்துப் பாடினார்கள், ஐயோ. காமன் கூத்தில் ரதியாக வந்தது, தன்னோடு கணக்குப் படிக்கும் கிஷாந்த்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் மன்மதன் எரிந்து ரதி தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, ஐயோ, ஐயோ.

கல்லூரிக் கலை வட்டத்தின் தலைவன் பிரதாப்புக்கு இது பொறுக்கவில்லை. இரண்டாம் வருடத்துக்காரன். கழுத்தில் எப்போதும் ஒரு மஃப்ளர் இருக்கும். குளிருக்காக அல்ல, கலைக்காக.

"இங்க பாரு தங்கச்சி, 'ஐயோ'ங்கிறது ரசனை இல்ல, வயித்து வலி. ஆழமாப் பேசக் கத்துக்க."

அவன் பேச்சை அவள் சகித்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு வேன். கொழும்பில் நடக்கும் நாடக விழாவுக்குக் கலை வட்டம் வேன் பிடித்திருந்தது. மூன்று நாளும் நாடகம், பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்த வேனில் ஒரே ஓர் இடம் மிச்சம். அதை நினைத்து நினைத்து ஜெயந்தினிக்கு வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை.

"வெள்ளிக்கிழமை படம் போடுறோம். கொழும்பிலிருந்து கலாநிதி அமிர்தநாதன் வர்றாரு, டாக்டர் பட்டம் வாங்கின பெரிய விமர்சகர். படம் முடிஞ்சோன்ன 'மாணவர் கருத்து'ன்னு ஒனக்கு ரெண்டு நிமிசம் தர்றேன். ஒழுங்காப் பேசினா சீட் ஒனக்கு. 'ஐயோ'ன்னு வாயைத் தொறந்தா தனுஜாவுக்கு."

தனுஜா அவளுடைய அறைத்தோழி. எதைப் பார்த்தாலும் "இதுல பல அடுக்கு இருக்கு" என்பாள், விடுதிச் சாப்பாடு உட்பட. ஆனால் நல்ல மனம். போட்டியாளருக்கே பயிற்சி கொடுத்தாள்.

"'மௌனத்தின் மொழி'ன்னு சொல்லிருடி. படத்துல பேசினாலும் அது பொருந்தும், பேசாட்டியும் பொருந்தும்."

மண்டபம் முழுக்கப் பரீட்சை மேசைகள் என்பதால், வெள்ளிக்கிழமை மாலை வலைப்பந்துத் திடலின் ஒரு முனையில் மூங்கில் நட்டு வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். கலாநிதி வந்தார். மாலை, பொன்னாடை, புகைப்படம். புகைப்படத்தில் கல்லூரி அதிபர் கண்ணை மூடிவிட்டதால் மறுபடியும் பொன்னாடை, மறுபடியும் புகைப்படம். கலாநிதியின் பெருமைகளைப் பிரதாப் சொல்லி முடிப்பதற்குள் பொழுது இருட்டிவிட்டது. படம் போட இருட்டு தேவைதான் என்பதால் அந்த உரையும் ஒரு வகையில் பயன்பட்டது.

கலாநிதி தொண்டையைச் செருமினார். "இந்தப் படத்தை நான் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். இது என்னைப் பார்த்தது. பலமுறை பார்த்தது. முடிவை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு தடவையும் அழுதுவிடுகிறேன்."

கிஷாந்த் புரொஜெக்டரைப் போட்டான். ஏதோ தூர தேசத்துப் படம். ஒரு கிழவி, ஒரு படகு, கடல். கிழவி துடுப்புப் போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள். ஜெயந்தினி 'மௌனத்தின் மொழி' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பள்ளத்துத் தேயிலையிலிருந்து பனி மூட்டமாக ஏறியது.

முதலில் மூங்கில் மறைந்தது. பிறகு துணி மறைந்தது. ஆனால் வெளிச்சம் நிற்கவில்லை. துணிக்குப் போய்ச்சேர முடியாத கடல் வழியிலேயே பனியில் விழுந்து, காற்றில் நின்றது. அலைகள் ஆட்களின் தலைக்கு மேலே உருண்டன. நீலமும் வெள்ளையும் சுருண்டு சுருண்டு முகத்துக்கு நேரே வந்தன. படகு ஒரு கறுப்பு நிழலாக ஜெயந்தினியின் தலையைத் தாண்டி, விடுதிக் கூரையைத் தாண்டி, தேயிலை மலைப் பக்கம் போயிற்று. கடலை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள். பள்ளிச் சுற்றுலாவில், காலிமுகத்திடலில், பஸ் ஹோர்ன் அடித்து அவசரப்படுத்த. பனியையோ பிறந்ததிலிருந்து தெரியும். அம்மா கொழுந்து பறிக்கப் பெரட்டுக்குக் கிளம்பும் காலைகளில் லயத்து வீட்டு வாசலில் மாடு மாதிரி வந்து நிற்கும். அந்தப் பனிக்குள் இப்படி ஒரு கடல் போகும் என்று யார் கண்டார்கள்? மூச்சு விட்டால் அலை கலைந்துவிடும் என்று பயந்து அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

முன்வரிசையில் கலாநிதி எழுந்து நின்று கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். எல்லோரும் தட்டியதால் பிரதாப் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டான்.

"பார்த்தீர்களா!" கலாநிதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இறுதியில் இயக்குநர் பிம்பத்தையே துறக்கிறார். எஞ்சுவது வெண்மை. இருத்தலின் வெண்மை! இதை எடுக்க எத்தனை துணிச்சல் வேண்டும்!"

"ஆழம்," என்றான் பிரதாப். அதிபர் தலையாட்டினார். திடலே தலையாட்டியது. மைக் ஜெயந்தினியின் கைக்கு வந்தது.

"மௌனத்தின் மொழி," என்று தனுஜா பின்னாலிருந்து கிசுகிசுத்தாள்.

ஜெயந்தினியின் கண் முன்னால் வேனின் அந்த ஒற்றை இருக்கை வந்தது. ஆனால் படகும் அந்தக் கண்ணுக்குள்ளேயே இன்னும் போய்க்கொண்டிருந்தது.

"சேர்… படம் முடியலைங்க. பனி வந்திருச்சு."

அதிபரின் தலையாட்டல் பாதியில் நின்றது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும், "நானும் அப்பவே நெனச்சேன்!" என்றது. ஒருவர் சிரிக்க, அது அப்படியே பரவியது.

"இங்க இந்த நேரத்துக்கு டெய்லி ஏறும் சேர். ஆனா அதுக்குள்ள கடல் வந்தது இன்னைக்குத்தான். படகு என் தலைக்கு மேல போச்சு சேர். ஐயோ!"

பிரதாப் மஃப்ளரால் முகத்தை மூடிக்கொண்டான்.

"பனி என்று எனக்குத் தெரியாதா?" என்றார் கலாநிதி. "பனியை ஒரு குறியீடாக வைத்துத்தான் நான்…"

"அப்ப மிச்சத்தையும் போடட்டுங்களா சேர்?" என்று கேட்டான் கிஷாந்த். பதிலுக்குக் காத்திராமல் போட்டும் விட்டான்.

பனி சற்று விலகியிருந்தது. துணியில், கிழவி கரைக்கு வந்து மருமகளோடு சண்டை பிடித்தாள். மருமகளும் சளைத்தவள் இல்லை. கலாநிதியைப் பலமுறை அழவைத்த முடிவு இதுதான் போலும். யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே ஆளுக்கு ஆள் கழுத்தைத் திருப்பிப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல.

கிழவி கோபித்துக்கொண்டு மறுபடி படகை இறக்கினாள். அந்த நேரம் பார்த்துப் பனியும் ஏறியது.

இந்தத் தடவை ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. எல்லோரும் திடலின் நடுவில், அலைக்குள் நின்றார்கள். ஜெயந்தினி இரண்டு கைகளிலும் கடலை ஏந்தினாள். பக்கத்தில் கலாநிதி நின்றார். குளிருக்குக் காதோடு சேர்த்துச் சுற்றியிருந்த பொன்னாடையின் மேல் நுரை ஏறி இறங்கியது. மெதுவாகக் கையை நீட்டினார். படகு அவருடைய உள்ளங்கையைத் தொட்டுக்கொண்டு போயிற்று. ஏதோ சொல்ல வாய் திறந்தார். குறியீடு ஒன்றும் வரவில்லை.

"ஐயோ," என்றார்.

பிரதாப் பனியைத் தள்ளிக்கொண்டு வந்து ஜெயந்தினியின் முன்னால் நின்றான். "நீ இப்பிடிப் பேசினதுக்கு… அந்த சீட்டு தனுஜாவுக்குத்தான், தெரியும்ல?"

"குடுங்கண்ணே," என்றாள் அவள். "இப்பக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கடலை மறைக்கிறீங்க."